சிகே குறைந்தால் சந்தோஷப்படலாமா?

சில மாதங்களுக்கு முன் ஓர் அப்பா கோடு போட்ட நோட்டு ஒன்றை என் மேஜைமேல் விரித்து வைத்தார். தசைச் சிதைவு நோயுள்ள மகனுக்கு ஆறு வயதில் தொடங்கி பன்னிரண்டு வயது வரை ரத்தத்தில் எடுத்த சிகே அளவுகள், தேதி வாரியாக. முதல் வரியில் 18,400. கடைசி வரியில் 3,900. "மருந்து வேலை செய்யுது இல்லையா டாக்டர்?" என்றார். பையன் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வாய் வருவதில்லை.

சிகே என்பது கிரியாட்டின் கைனேஸ், தசைக்குள்ளேயே இருக்க வேண்டிய நொதி. டூஷென் தசைச் சிதைவு நோயில் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு பழுதாகி டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாவதில்லை. அது இல்லாத தசைநாரின் உறை அசைய அசையக் கிழிந்து, உள்ளே இருப்பது ரத்தத்தில் கசிகிறது. நமக்கு ஏறக்குறைய 200 யூனிட்டுக்குள் இருப்பது இந்தக் குழந்தைகளுக்குப் பிறந்ததில் இருந்தே ஆயிரக்கணக்கில் இருக்கும். 1959-இல் ஜப்பானில் எபாஷி குழுவினர் தசைச் சிதைவில் சிகே எகிறுவதை எழுதினார்கள். முதல் சந்தேகத்தைத் தீர்க்க இன்றும் அதுதான் கைக்கு எட்டும் டெஸ்ட்.

ஆனால் கசிவதற்குத் தசை வேண்டுமே. வயது ஏற ஏறத் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் வடுவும் நிரம்பிவிடும், சிகேயும் இறங்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் தீர்ந்ததும் சொட்டுவது நிற்கிறது, அவ்வளவுதான். போதாததற்கு, பையன் ஓடி விளையாடிய மறுநாளோ தொடையில் ஊசி போட்ட பிறகோ எடுத்தால் எகிறும், காய்ச்சலில் நாலு நாள் படுத்திருந்தால் குறையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதற்காகக் காசு செலவழிக்காதீர்கள்.

இன்னொரு தொல்லை கல்லீரல் டெஸ்டில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள். இரண்டும் கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் உண்டு. மாடி ஏறத் திணறும், தரையில் இருந்து எழும்போது தொடையில் கை ஊன்றும், கெண்டைக்கால் மட்டும் புடைத்திருக்கும் பையனுக்கு எஸ்ஜிபிடி 300 என்று வந்ததும் மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தசையில் இருந்து வராத கல்லீரல் நொதியான ஜிஜிடி நார்மலாக இருந்தால் அங்கேயே நின்று ஒரு சிகே பாருங்கள். (இந்த வரி பெற்றோருக்கு மட்டுமல்ல, என் சக மருத்துவர்களுக்கும்தான்.)

கிட்னிக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் இதற்குத் தலைகீழ். அது தசையில் இருந்து வருவதால் தசை குறைந்தவர்களுக்கு 0.2, 0.3 என்றுதான் இருக்கும்; அதை வைத்து கிட்னி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது, தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற டெஸ்ட் பார்க்க வேண்டும். இதயப் பழுதுக்காகப் பார்க்கும் ட்ரோபோனின் டி அதிகமாக இருந்தாலும் உடனே ஹார்ட் அட்டாக் என்று பதறக் கூடாது, பழுதான தசையிலும் அது வரும். ட்ரோபோனின் ஐ இன்னும் நம்பகமானது.

எண்ணைப் பார்த்து ஏமாறுவது பெற்றோர் மட்டும் இல்லை. 2023 ஜூனில் அமெரிக்காவில் டூஷெனுக்கு ஒரு மரபணு சிகிச்சைக்கு விரைவு அனுமதி கிடைத்தது, தசையில் குட்டி டிஸ்ட்ரோஃபின் உருவானதைக் காட்டி. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பெரிய ஆய்வில், குழந்தைகளின் நடை, எழுதல் எல்லாவற்றையும் மதிப்பெண் போடும் முதன்மை அளவுகோலில் அது தேறவில்லை. சிறுநீரில் டைட்டின் என்ற தசைப் புரதத்தின் துண்டு, ரத்தத்தில் மைக்ரோ ஆர்என்ஏ என்று புதிய குறியீடுகளும் ஆய்வில் இருக்கின்றன. ஆய்வில்தான்.

அதனால் அந்த நோட்டில் வேறு பத்திகள் போடச் சொன்னேன். நடக்கிற பையனாக இருந்தால் தரையில் இருந்து எழ எத்தனை விநாடி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் என்று எழுதச் சொல்லியிருப்பேன். இவனுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா, மூச்சு அளவு எவ்வளவு, வருடாந்தர எக்கோ (இதய ஸ்கேன்) என்ன சொல்கிறது.

அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் அம்மா முதன்முறையாகப் பேசினார்: "எனக்கு சிகே நார்மல்னு வந்துச்சு, அப்போ என் தங்கச்சிக்குப் பயமில்லைதானே?" தங்கைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம். சிகே நார்மலாக இருந்தும் கடத்திகளாக, அதாவது பழுதான மரபணுவைச் சுமப்பவர்களாக, இருக்கும் பெண்கள் நிறைய, அதனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மகனின் மரபணு ரிப்போர்ட்டில் உள்ள அதே பிழை உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம், பிறகு தங்கை என்றேன். ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறது, வியாழக்கிழமை கொண்டுவருகிறேன் என்றார்.