தொடுவானம் வேறு, அடிவானம் வேறு

‘எவரெஸ்ட் அடிவானத்துக்கு அப்பால் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிறது.’ நேற்று ஓர் ஆவணப்படத்தின் தமிழ்க் குரலில் மறுபடியும் இப்படிக் கேட்டேன். அங்கே வர வேண்டிய சொல் தொடுவானம்.

இதற்கு ஆங்கிலத்தில் ஹொரைசன், கிரேக்கத்திலிருந்து வந்த சொல். எல்லை வகுப்பது என்று பொருள். தொடுவானம் என்றால், வானம் நிலத்தையோ கடலையோ தொடுவதுபோலத் தெரியும் விளிம்பு. அவ்வளவுதான்.

அடிவானத்துக்கும் அகராதியில் இதே பொருள் போட்டிருக்கிறது, தெரியும். ஆனால் அடிமரம், அடிவயிறு, அடிநாக்கு என்று சொல்லிப் பாருங்கள். எல்லாமே ஒரு பகுதியின் பெயர்கள். அடிவயிறு வலிக்கிறது என்பவர் தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக் காட்டுவார், விரலால் கோடு இழுக்க மாட்டார். அடிவானமும் அப்படித்தான், வானத்தின் கீழ்ப்பகுதி. ‘அடிவானம் கறுத்திருக்கு, மழை வரும்’ என்கிறோமே, ஒரு கோடா கறுத்திருக்கிறது?

மலை விஷயத்தில் இந்த இரண்டையும் குழப்பினால் ஒன்றுமே விளங்காது. சமவெளியில் நிற்பவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். 1849இல் தொடங்கி நில அளவையாளர் ஜேம்ஸ் நிக்கல்சன் பீகார் பக்கமிருந்து எவரெஸ்டை அளந்தபோது, அவர் கருவி வைத்த இடங்களில் மிக அருகில் இருந்ததே 174 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரத்தில் தரையில் நின்று பார்த்தால் மலையின் கீழே ஏறத்தாழ 2,000 மீட்டர் பூமியின் வளைவில் மறைந்துவிடும். அப்போ சிகரம் இருப்பது தொடுவானத்துக்கு அப்பால், தெரிவது அடிவானத்தில். இரண்டு சொல்லும் வேண்டும்.

என் மகள் கணக்கு நோட்டில் ஒரு வட்டம் போட்டு, வெளியே புள்ளி வைத்து, அங்கிருந்து வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோடு வரைந்திருந்தாள். பக்கத்தில் ‘தொடுகோடு’ என்று எழுதியிருந்தாள். புள்ளி நம் கண், வட்டம் பூமி, கோடு தொடும் இடம்தான் தொடுவானம். கோட்டை அப்படியே நீட்டினால், அதற்கு மேலே தலை தூக்கும் மலை தெரியும். இவ்வளவு பொருத்தமான சொல்லை வைத்துக்கொண்டு ஏன் அடிவானத்துக்கு ஓடுகிறார்கள்?

மலை எவ்வளவு தூரம் வரை தெரியும் என்பதும் இந்தப் படத்திலிருந்தே கிடைக்கிறது. மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். எவரெஸ்டின் 8,849 மீட்டருக்கு 336 வரும், பார்ப்பவரின் ஐந்தையும் சேர்த்துக்கொள்ளலாம். காற்றில் ஒளி வளைவதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து எல்லா இடத்திலும் ஒட்டுவதால் வரும் வினை இது. ‘அறிவின் புதிய அடிவானங்கள்’ என்றுகூட எழுதுகிறார்கள். நாம் பார்வை விரிந்தது என்போம்.

கீழ்வானம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. கீழ் என்றால் கிழக்கும்தானே, கீழ்வானம் சிவந்தால் பொழுது விடிகிறது என்று அர்த்தம். ‘சூரியன் கீழ்வானத்தில் மறைந்தது’ என்று அச்சிலேயே படித்தேன். மொழிபெயர்த்தவர், திருத்தியவர், மெய்ப்புப் பார்த்தவர், மூன்று பேர் கண்ணிலும் அது படவில்லை.