கிணற்றில் ஆலைக் கழிவு: பதிவேட்டையும் ஆய்வறிக்கையையும் கேட்டுப் பெறும் உரிமை

பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் கிணறுகளைத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் கெடுத்தது பற்றிய வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் எந்த ஆலை, எந்த வாய்க்கால், எவ்வளவு என்று காட்டும் தாள் கையில் இல்லாத புகார் அலுவலக மேசையைத் தாண்டுவது அரிது.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 25ஆம் பிரிவில், ஆலைகளுக்கு விதித்த இசைவாணை (கழிவுநீரை வெளியேற்றத் தரும் அனுமதி) நிபந்தனைகளைப் பதிவேட்டில் குறித்து வைக்குமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பணிக்கிறது. பாதிக்கப்பட்ட எவரும் அப்பதிவேட்டைப் பார்வையிடலாம்.

ஆலையின் கழிவுநீரை அதிகாரிகள் எடுக்கும் முறையை 21ஆம் பிரிவு வகுத்துள்ளது. ஆய்வுக்கு அனுப்பும் நோக்கத்தை ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்பாகத் தந்து, அவர் கண்முன்னே மாதிரியை இரண்டாகப் பிரித்து, கலன்களில் அடைத்து முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். இம்முறை தவறினால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்பதால், ஆய்வறிக்கையோடு அந்த அறிவிப்பின் நகலையும் சேர்த்தே கேட்பது நல்லது.

கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். வழக்கமான சோதனை உப்பு, கடினத்தன்மை போன்றவற்றோடு நின்றுவிடும் என்பதால், தோல் பதனிடுவதில் பயன்படும் உலோகமான குரோமியத்தையும் சோதிக்க வேண்டுமென்றால் அதைச் செய்வார்களா என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். குடிநீரில் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. தண்ணீர் மஞ்சளாகத் தெரிகிற நிலை இதற்குப் பல மடங்கு மேலே.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பழைய அறிக்கைகளை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று எழுதினால் மழுப்பலான பதிலே வரும். இன்ன ஓடையில், இன்ன ஆண்டுகளில் எடுத்த மாதிரிகளின் அறிக்கை நகல் என்று கேட்பதே பயன் தரும். வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த பிறகு, நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 49ஆம் பிரிவின்படி எவரும் தாமே நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். அப்படிச் செய்தவர் கேட்டால், பொதுநலனுக்கு முரண் என்று வாரியம் கருதினாலன்றி, தொடர்புடைய அறிக்கைகளை அது தர வேண்டும்.

இழப்பீடு கோருவோர் செல்ல வேண்டிய இடம் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்; தமிழகத்துக்கு அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஆகவே நாளிட்ட முதல் ஆய்வறிக்கையைப் பத்திரப்படுத்துவதோடு, கிணறு கெட்டது தெரியவந்த நாளையும் அன்றே எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.