மேக்ரோ காட்டிய பூஜ்யம்

மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. கலைச்சொற்களை எக்ஸெலில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றும் வேர்டு கோப்பில் எத்தனை முறை வருகிறது என்று மேக்ரோவை, அதாவது எக்ஸெலுக்குள்ளேயே எழுதிவைத்த சின்ன நிரலை, எண்ண விடுவேன். கணக்கு எளிதுதான். மொத்த உரையின் நீளத்தைப் பார்த்துக்கொள்ளும்; சொல்லை நீக்கிவிட்டு மறுபடி பார்க்கும்; குறைந்ததைச் சொல்லின் நீளத்தால் வகுக்கும்.

ஒருநாள் ‘கொள்கை’க்கு நேரே 0 என்று வந்தது. முதல் பக்கத்திலேயே அந்தச் சொல் கண்ணெதிரே நிற்கிறது! அரை நாள் மேக்ரோவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் 3018 என்ற ஒரே குறி. இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என்று இரண்டு குறிகள். திரையில் அச்சு அசல் ஒன்றுதான். மேக்ரோவுக்கோ இரண்டும் வேறு சொற்கள். வந்த கோப்பு பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. கொம்பும் காலும் தனித்தனியாகவே தங்கிவிட்டன.

எண்ணும் முன் அந்த ஜோடியை 3018 ஆக மாற்றச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். ‘கோ’வுக்கும் ‘கௌ’வுக்கும் அப்படியே. பூஜ்யம் வந்ததால் பிழைத்தேன். இரண்டு விதமும் கலந்திருந்து 40க்கு 23 என்று காட்டியிருந்தால், நம்பி அனுப்பியிருப்பேன்.

இன்னும் சில: மேக்ரோ எழுதும் ஜன்னலில் தமிழைத் தட்டினால் கேள்விக்குறிகள்தான் விழும், சொல்லை எக்ஸெல் கட்டத்திலிருந்தே எடுக்கவேண்டும். முதன்மை உரையை மட்டும் படிக்கும் மேக்ரோ அடிக்குறிப்பையும் பக்கத் தலைப்பையும் எட்டிப் பார்க்காது. அப்புறம், இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கிறது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதற்காக அந்தத் தடையை எடுத்துவிடாதீர்கள்.

சரி, எழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தாலும் தமிழ் விடுவதில்லை. ‘வரி’யை எண்ணச் சொன்னால் முகவரி, வரிசை, அவரிடம் எல்லாம் வரிப்பணத்தோடு சேர்ந்து வரும். ‘நிலம்’ என்று தேடினால் நிலத்தை, நிலத்தில் இரண்டும் நழுவும். ‘நில’ என்று சுருக்கினால் நிலை, நிலா, நில் எல்லாம் உள்ளே வரும், ஏனென்றால் குறியீட்டில் அவை ‘நில’வோடு ஒரு குறி ஒட்டியவைதான். ‘நிலம்’, ‘நிலத்’ இரண்டையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டுகிறேன். ‘வரி’யை மட்டும் இன்னும் கண்ணால்தான் எண்ணுகிறேன்.