கான்சர்டினா வாசிப்பவரின் கட்டைவிரல்

பெங்களூரு அல்சூரில் எங்கள் பிசியோதெரபி கிளினிக். மணிக்கட்டு வலியோடு வருபவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள், இல்லையென்றால் கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வலி கண்ட இளம் தாய்மார்கள். போன மழைக்காலத்தில் வந்தவர் இரண்டிலும் சேராதவர். சனிக்கிழமை இரவுகளில் நான்கு பேர் கொண்ட ஜாஸ் குழுவில் கான்சர்டினா வாசிக்கிறார்; இரு கையாலும் பிடித்து, துருத்தியை இழுத்து அழுத்தி வாசிக்கும் சிறு பெட்டி வாத்தியம் அது. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வலி வலது கட்டைவிரலுக்கு அடியில், மணிக்கட்டின் ஓரத்தில். கட்டைவிரலை மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னேன். துடித்துப்போனார். டி கெர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் 1895-இல் விவரித்த பிரச்சினை இது. எலும்பு மருத்துவரும் உறுதி செய்தார். கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் அங்கே குறுகலான ஓர் உறைக்குள் ஓடுகின்றன. உறை தடித்தால் ஒவ்வொரு அசைவும் உரசல்தான்.

கட்டைவிரலை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் கொடுத்து, ஓய்வெடுக்கச் சொன்னேன். வலி குறைந்தது. மேடை ஏறினார், திரும்பி வந்தது. அப்புறம்தான் வாத்தியத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

பிளஸ் டூவில் வீட்ஸ்டன் சமனச்சுற்று படித்தோமே, அதே சார்ல்ஸ் வீட்ஸ்டன் லண்டனில் உருவாக்கிய ஆங்கில வகை கான்சர்டினா அது. அறுகோணப் பெட்டி, 48 பொத்தான், ஒரு கிலோவுக்கு மேல் எடை. பிடிமானம் என்பது பக்கத்துக்கு, கட்டைவிரலுக்கு ஒரு தோல் வளையம், சுண்டுவிரலுக்கு ஓர் உலோகத் தாங்கி, அவ்வளவுதான். (ஆங்கிலோ என்ற இன்னொரு வகையில் கை முழுவதற்கும் வார் உண்டு.) இவரோ நின்றுகொண்டு வாசிக்கிறார். எடையும் கட்டைவிரலில், துருத்தியை இழுத்து அழுத்தும் விசையும் கட்டைவிரலில்.

"இவ்வளவு பலமா ஏன் சார் அழுத்துறீங்க?"

"டிரம்ஸ் பக்கத்துல நிக்கிறேன் மேடம். என் சத்தம் எனக்கே கேக்கல."

கான்சர்டினாவில் சத்தம் கூட்டத் துருத்தியைத்தான் நம்ப வேண்டும். நான்கைந்து பொத்தான்களைச் சேர்த்து அமுக்கினால் காற்றும் சீக்கிரம் தீரும். இழுப்பும் அழுத்தலும் கூடும். வலியின் வேர் அந்த மேடையில்தான் இருந்தது.

அடுத்த முறை, அதே குழுவில் டபுள் பேஸ் என்ற பெரிய அடிச்சுரத் தந்தி வாத்தியம் வாசிக்கும் நண்பரையும் அழைத்து வந்தார். நண்பர் கேட்டது எனக்குப் பாடமாக இருந்தது: "அடிச்சுரத்த நான்தான வாசிக்கிறேன், நீயும் ஏன் அமுக்குற?" கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு; அடிச்சுரத்திலிருந்து எண்ணினால் அதன் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் இரண்டே போதுமாம். டி மைனர் செவன்த் என்ற கார்டுக்கு எஃப், சி. ஜி செவன்த்துக்கு எஃப், பி. சி மேஜர் செவன்த்துக்கு இ, பி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரே ஒரு சுரம் ஒரு படி இறங்குகிறது. ஆங்கில வகையில் அடுத்தடுத்த படிகள் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் அந்தச் சுரம் கைமாறிக்கொண்டே போகிறது. அவர் வாசித்துக் காட்டியபோது நான் பாட்டைவிட அவர் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறுகவே இல்லை.

இப்போது உட்கார்ந்து, பெட்டியின் ஒரு முனையைத் தொடையில் வைத்து வாசிக்கிறார். ஒலி இரு முனையிலிருந்தும் வருவதால் இரண்டு மைக். டிரம்ஸிலிருந்து தள்ளி நாற்காலி.

வாத்தியக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: கச்சேரிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேடை ஏறாதீர்கள். வலி மறையும், உரசல் நடந்துகொண்டேதான் இருக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போனால், அதுவும் இரவில் என்றால், அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். வரும்போது வாத்தியத்தையும் எடுத்து வாருங்கள்.