பிளாட்ஃபார்ம்: மேடையா, தளமா, இயங்குதளமா?

இந்தச் சொல் தமிழுக்குள் இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் முறை ரயிலோடு வந்தது. வந்ததும் கடைசியில் ஒரு 'அம்' சேர்த்துக்கொண்டு, மரம், பாரம் வரிசையில் 'பிளாட்பாரம்' ஆகிவிட்டது. பிளாட்பாரத்தில், பிளாட்பாரத்துக்கு என்று அத்துச் சாரியைகூட ஏற்றுக்கொண்டது. தெருவோர நடைபாதைக்கும் பேச்சில் அதுவே பெயராயிற்று. இரண்டாம் முறை கணினியோடு வந்தது. இந்தத் தடவை நாம் அதை வளைக்கவே இல்லை. விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்று பேச்சு சூடு பிடித்தால் போதும், 'எங்க பிளாட்ஃபார்ம்', 'உங்க பிளாட்ஃபார்ம்' என்று அச்சு மாறாமல் வந்து விழுகிறது.

இந்த வாக்குவாதங்கள் முடிவில்லாமல் நீள்வதற்கு இந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஒருவர் சில்லை, அதாவது புராசஸரை, மனத்தில் வைத்து பிளாட்ஃபார்ம் என்கிறார். அடுத்தவர் ஓ.எஸ்.ஸை (விண்டோஸ், லினக்ஸ் போல, கணினியை நடத்தும் அடிப்படை மென்பொருளை) நினைத்துச் சொல்கிறார். மூன்றாமவருக்கு ஆப் ஸ்டோரும் அதைச் சுற்றிய சேவைகளும்தான் பிளாட்ஃபார்ம். மூவரும் ஒரே சொல்லைச் சொல்வதால், பேசுவதும் ஒரே பொருளைப் பற்றித்தான் என்று நம்பிக்கொள்கிறார்கள்.

எனக்கு இது உறைத்தது ஒரு பிரிண்டரால். புது மடிக்கணினி வாங்கியிருந்தேன். ஏ.ஆர்.எம். வகைச் சில்லு, விண்டோஸ் 11. வீட்டிலிருந்த பழைய பிரிண்டரை அதில் இணைக்க, தயாரித்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனேன். விண்டோஸ் 11க்கு நேரே பச்சை டிக் இருந்தது. இறக்கினேன், நிறுவியும் (இன்ஸ்டாலர்) திறந்தது, பச்சைக்கோடு கடைசிவரை ஓடியது. அப்புறம், இந்த டிரைவர் (பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று ஒரே ஒரு வரி. 'விண்டோஸ்தானே, அதே பிளாட்ஃபார்ம்தானே, ஏன் ஓடாது?' என்று நண்பர் கேட்டார். இன்டெல் வகைச் சில்லுக்கு எழுதிய சாதாரணச் செயலிகளை (ஆப்களை), ஏ.ஆர்.எம். கணினியில் விண்டோஸே உடனுக்குடன் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். நிறுவி திறந்தது அப்படித்தான். ஆனால் பிரிண்டரோடு வந்த டிரைவர் ஓ.எஸ்.ஸின் ஒரு பகுதியாகவே போய் அமர வேண்டியது. அந்த மொழிபெயர்ப்பு அங்கே எட்டாது. செயலிக்கு அது ஒரே தளம், டிரைவருக்கு வேறு தளம். நண்பர் சொன்னதும் சரி, அந்த ஒற்றை வரி சொன்னதும் சரி.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். பிரெஞ்சில் 'பிளாட்' என்றால் தட்டை, 'ஃபோர்ம்' என்றால் வடிவம். இரண்டும் சேர்ந்த சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. தட்டைக் குறிக்கும் 'பிளேட்', பீடபூமியைக் குறிக்கும் 'பிளாட்டோ' எல்லாம் இதன் உறவினர்கள். தொடக்கத்தில் கட்டடத்தின் தரைப்படத்துக்கும் பிளாட்ஃபார்ம் என்றே பெயர். பீரங்கியை நிறுத்துவதற்காகச் சமன் செய்த மேட்டுக்கும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் ரயில் நிலையத்துக்கு வந்தது. அமெரிக்க அரசியலில் ஒரு கட்சி தேர்தலில் முன்வைக்கும் கொள்கைத் தொகுப்புக்கும் இதையே பெயராக்கிக்கொண்டார்கள். ஆக, வேறொன்று மேலே நிற்பதற்காகச் சமப்படுத்திக் கொடுத்த இடம் என்ற பொருள் இவை எல்லாவற்றிலும் ஊடாடுகிறது.

கணினியிலும் அதேதான். ஒரு செயலி கோப்பைத் திறக்க வேண்டுமானால், திரையில் ஒரு சாளரம் வரைய வேண்டுமானால், தானே இறங்கி அதைச் செய்வதில்லை. கீழே இருப்பதிடம் கேட்கிறது. இப்படிக் கேட்டால் இப்படிப் பதில் வரும் என்று நிரல் எழுதுபவருக்குத் தரப்பட்ட உறுதிதான் பிளாட்ஃபார்ம். அந்த உறுதி காப்பாற்றப்படும்வரை, அடியில் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றியும் காட்டியிருக்கிறார்கள். மேக் கணினி 1984இல் மோட்டோரோலா 68000 சில்லோடு வந்தது. 1994இல் பவர்பிசி சில்லுக்கு மாறியது. 2006இல் இன்டெல். 2020இல் ஆப்பிளே வடிவமைத்த ஏ.ஆர்.எம். வகைச் சில்லு. நடுவில் 2001இல் ஓ.எஸ்.ஸையே யூனிக்ஸ் என்ற பழைய ஓ.எஸ். வழியில் வந்த புதியதாக மாற்றினார்கள். சில்லு மூன்று முறை, ஓ.எஸ். ஒரு முறை என்று எல்லாமே மாறியும் அதை மேக் என்றுதான் சொல்கிறோம். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய செயலிகள் சில ஆண்டுகளாவது ஓட வழி செய்து வைத்ததுதான் அந்தப் பெயரைக் காப்பாற்றியது. மேக் என்ற பிளாட்ஃபார்ம் சில்லில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிளாட்ஃபார்ம் சண்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1992 ஜனவரியில் நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்று தலைப்பிட்டே எழுதினார். லினக்ஸுக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை. அதை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சிங்கியில் மாணவர். டானன்பாம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, லினக்ஸ் இன்டெல் 386 வகைச் சில்லோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது, வேறு சில்லுக்கு எளிதில் கொண்டுபோக முடியாது என்பது. டோர்வால்ட்ஸின் பதில் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. லினக்ஸை வேறு சில்லுக்கு நகர்த்துவது கடினமாக இருக்கலாம், ஆனால் மற்ற யூனிக்ஸ்களுக்கு எழுதிய நிரல்களை லினக்ஸுக்குக் கொண்டுவருவது மினிக்ஸுக்குக் கொண்டுபோவதைவிட எளிது என்றார். மினிக்ஸ் என்பது டானன்பாம் எழுதிய ஓ.எஸ்.

பேராசிரியர் சில்லைத் தளமாகக் கொண்டார். மாணவர், நிரல் ஓ.எஸ்.ஸோடு பேசும் இடைமுகத்தைத் தளமாகக் கொண்டார். இருவரும் எழுதியது சரி, ஆனால் எதிரெதிரே நின்று பேசிக்கொள்ளவில்லை. 1995க்குள் லினக்ஸ் ஆல்பா என்ற வேறு வகைச் சில்லிலும் ஓடத் தொடங்கிவிட்டது. 2017 நவம்பர் முதல், உலகின் வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மேடை' என்று சிலர் எழுதுகிறார்கள். ரயில் நிலையத்தில் நடைமேடை அழகாகப் பொருந்தியது. மேடு என்பதிலிருந்து வந்த சொல், உயரமான இடம். ஆனால் மேடை, ஏறி நிற்பவர் எல்லோர் கண்ணிலும் படுவதற்காக இருப்பது. கணினித் தளம் கண்ணில் படாமல் அடியில் கிடந்து சுமப்பது. காணொளி போடவும் கருத்துச் சொல்லவும் இடம் தருகிற சேவைகளுக்கு வேண்டுமானால் மேடை சரிவரும். 'பணித்தளம்' என்றும் பார்த்திருக்கிறேன். வேலை நடக்கும் இடம் என்ற பொருள் அதில் முந்திக்கொண்டு வருவதால் எனக்கு ஒப்பவில்லை.

'தளம்' பொருத்தமான சொல். தரைத்தளம், மேல்தளம், படைத்தளம் என்று எல்லா இடத்திலும் தாங்குவதைக் குறித்தே வருகிறது. பூவின் இதழையும் இலையையும்கூடத் தளம் என்போம், வில்வதளத்தில் இருப்பது அதுதான். வடிவம் ஒன்றானாலும் அது வேறு சொல்.

அடுத்து 'இயங்குதளம்'. இதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓ.எஸ்.ஸுக்கு இயங்குதளம் என்று பலரும், இயக்குதளம் என்று சிலரும், இயக்க முறைமை என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். 'தளம் தானாக இயங்குமா? அது கணினியை இயக்குகிறது, அதனால் இயக்குதளமே சரி' என்று ஒரு வாதம் உண்டு. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை என்பது உண்மைதான். ஆனால் வினைத்தொகையில் பின்னால் வரும் பெயர் அந்த வினையைச் செய்பவராகவே இருக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்லவில்லை. அது வினை நிகழும் இடமாகவும் இருக்கலாம். ஓடுதளம் ஓடுவதில்லை, அதன்மேல் விமானம் ஓடுகிறது. ஆடுகளம் ஆடுவதில்லை, அதில் நாம் ஆடுகிறோம். அப்படித்தான் இயங்குதளமும். செயலிகள் இயங்கும் தளம்.

அந்தப் பொருளில் பார்த்தால், இயங்குதளம் என்பது பிளாட்ஃபார்முக்கே அளவெடுத்துத் தைத்த சொல். ஓ.எஸ்.ஸுக்கு இயக்க முறைமை போதும். முதலிலிருந்தே இப்படிப் பிரித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் இயங்குதளம் என்றதும் இன்று எல்லோருக்கும் ஓ.எஸ்.தான் நினைவுக்கு வருகிறது, நிலைத்துப்போன வழக்கைப் பிடுங்கி நட முடியாது. அதனால் நான் ஓ.எஸ்.ஸுக்கு இயங்குதளம் என்றும், பிளாட்ஃபார்முக்கு வெறும் தளம் என்றும் எழுதுகிறேன். குழப்பம் வரும் இடத்தில் சில்லுத் தளம், சேவைத் தளம் என்று முன்னொட்டுச் சேர்க்கிறேன். என் பிரிண்டர் கதையில், இயங்குதளம் அதுவே, சில்லுத் தளம் வேறு. ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

(சில்லு என்று விடாமல் எழுதுவதற்கும் காரணம் உண்டு. புராசஸருக்குச் செயலி என்று முன்பு எழுதினோம், இப்போது ஆப்புக்கும் செயலி என்கிறோம். 'செயலி மாறினாலும் செயலி ஓடும்' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?)

எல்லாத் தளங்களிலும் ஓடுவதைக் குறிக்கும் அடைமொழிதான் பாக்கி. பலர் பல்தளம் என்கிறார்கள். புணர்ச்சி விதிப்படி 'பல' என்ற பொருளில் வரும் 'பல்', 'துளி'யோடு சேர்ந்து பஃறுளி ஆனதுபோல, இது பஃறளம் ஆக வேண்டும். செவிக்கு இனிமையாகத்தான் இருக்கிறது, ஆனால் பொத்தானில் பஃறளம் என்று போட்டால் அழுத்துபவர் ஒரு நொடி திகைப்பார். பல்தளச் செயலி என்றால் பேச்சில் ஒட்டவில்லை. 'விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்' என்று எழுதி, அடியில் எந்தெந்தச் சில்லு என்பதையும் குறித்துவிட்டால் அந்த அடைமொழியே வேண்டியதில்லை.