வீட்டுக்கு கிளம்புறதுக்கு முன்னாடி பாட்டிக்கும் சேர்த்து சொல்லணும்: பச்சக்குழந்தைய எப்படி தூங்க வைக்கிறது?

பிரசவ வார்டு நர்ஸா சொல்றேன், டிஸ்சார்ஜ் அன்னைக்கு அப்பா பில் கட்ட ஓடுவாரு, அம்மாவுக்கு தையல் வலி, அந்த நேரத்துல நாம எத சொன்னாலும் மண்டைல ஏறாது. அதனால டெலிவரிக்கு மறுநாளே, பாட்டியும் பக்கத்துல இருக்கும்போது சொல்லிடுவேன். தாய் வீட்டுல ராத்திரி குழந்தைய பாத்துக்கிறது பெரும்பாலும் அவங்கதானே.

பகலோ ராத்திரியோ, தூங்க வைக்கும்போது மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும். ஒருக்களிச்சு வெச்சா அப்படியே குப்புற சாஞ்சிடும். உடனே பாட்டி கேப்பாங்க, "ஏம்மா, பால் கக்கினா பொறையேறிடாதா?" நியாயமான பயம்தான். ரெண்டு விரல ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு காமிப்பேன், மல்லாக்க இருக்கும்போது மூச்சுக்குழாய் மேல, உணவுக்குழாய் கீழ, கக்குற பால் மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போறது கஷ்டம், குப்புற போட்டா இது தலைகீழ் பாட்டி. அமெரிக்காவுல 1992ல குழந்தை டாக்டர்கள் சங்கம் இத சொல்லி, 1994ல பெரிய பிரச்சாரமா எடுத்துட்டு போனாங்க, அதுக்கப்புறம் காரணமே தெரியாம தூக்கத்துலயே குழந்தைங்க இறந்துபோறது அங்க பாதிக்கு மேல குறைஞ்சுது. அந்த ஆபத்து அதிகமா இருக்கிறது 2லேருந்து 4 மாசத்துக்குள்ள, சரியா தாய் வீட்டுல இருக்கிற காலம்.

அப்புறம் கடுகு தலகாணி. தலை உருண்டையா வரணும்னு ஆசையா தைச்சு எடுத்துட்டு வருவாங்க, ஆனா குழந்தைக்கு தலகாணியே வேண்டாம். முழிச்சிருக்கும்போது கண் முன்னாடி கொஞ்ச நேரம் குப்புற போட்டு விளையாட விடுங்க, தலைக்கும் கழுத்துக்கும் அதுதான் நல்லது. கிஃப்டா வர்ற பெட் செட்டுல இருக்கிற உருட்டு தலகாணி, பஞ்சு பொம்மை, கனமான போர்வை எல்லாம் தூங்குற இடத்துல இருக்கக் கூடாது. சமமான, அமுங்காத மெத்தை, இறுக்கமா விரிச்ச துணி, அவ்ளோதான்.

தூளிய பத்தி பேசினா சிலருக்கு கோவம் வரும். தாடை நெஞ்சுல முட்டினா பச்சக்குழந்தைக்கு மூச்சு அடைக்கும், துணி முகத்துல மூடிக்கும். தூளில போட்டா பக்கத்துல ஆள் இருக்கணும், முகம் தெரியணும், தூங்கினதும் தூக்கி மெத்தைல போடுங்க, ராத்திரி முழுக்க தூளி வேண்டவே வேண்டாம். அம்மா ரூம்லயே, ஆனா தனி மெத்தைல. சோஃபால சாஞ்சு பால் குடுத்துட்டே தூங்கிடுறது ரொம்ப ஆபத்து, களைப்பா இருந்தா வேற யாராவது பக்கத்துல உக்காந்துக்கோங்க. வீட்டுக்குள்ள சிகரெட்டும் கூடாது.

என்ஐசியூல, அதாவது பச்சக்குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை வார்டுல, இருந்து வந்த குழந்தையோட அம்மாங்க "அங்க குப்புறத்தானே போட்டிருந்தாங்க"ன்னு கேப்பாங்க. அங்க மானிட்டர் மாட்டி நாங்க பாத்துட்டே இருக்கோம், வீட்டுல அது கிடையாது, இத அவங்களுக்கு தனியா உக்காந்து சொல்லணும்.

கூட வேல பாக்குற சிஸ்டர்ஸுக்கும் ஒண்ணு. நாம தொட்டில்ல எப்படி படுக்க வைக்கிறோமோ அதத்தான் வீட்டுல போய் செய்வாங்க. ரவுண்ட்ஸ் போகும்போது குழந்தை முதுகுக்கு முட்டு குடுத்து சுருட்டி வெச்ச துணிய பாத்தா எடுத்துட்டு, மல்லாக்க திருப்பி போட்டு, ஏன்னு அப்பவே அவங்களுக்கு சொல்லிடுங்க.