தானாக நின்ற கசிவு

வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி: மாடியில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் தொட்டியில் மயிரிழை விரிசல், கசிந்துகொண்டிருந்த தண்ணீர் யாரும் கைவைக்காமலேயே சில வாரங்களில் நின்றுவிட்டது. வாஸ்து பரிகாரம் பலித்தது என்கிறாராம் மாமனார். அப்படியா?

பலித்தது சுண்ணாம்பு. பரிகாரத்துக்குக் கொடுத்த பணம் போனதுதான்.

சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் (நீற்றிய சுண்ணாம்புதான்) உண்டாகி, கான்கிரீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வினைபுரியாத சிமெண்ட் துகள்களும் மிச்சமிருக்கும். ஈரம் பட்டால் அவையும் ஓரளவு இடத்தை நிரப்பும். ஆனால் பெரும்பங்கு சுண்ணாம்புடையது. விரிசலில் நுழையும் தண்ணீர் அதைக் கரைக்கிறது. தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கால்சியத்தோடு சேர, எளிதில் கரையாத கால்சியம் கார்பனேட் படிகங்கள் விரிசலின் இரு பக்கமும் முளைக்கின்றன.

அழகு இனிமேல்தான். படிகம் வளர வளர வழி குறுகுகிறது. வழி குறுக, ஓட்டம் தளர்கிறது. ஓட்டம் தளர்ந்தால் கால்சியம் அடித்துச் செல்லப்படாமல் அங்கேயே தங்கி, இன்னும் படிகமாகிறது. கசியும் தண்ணீரே கசிவை அடைக்கிறது! முதல் சில நாட்களில் வேகம் அதிகம். விரிசலின் சுவர் வெறுமையாக இருப்பதால் கால்சியம் தாராளமாகக் கிடைக்கும். பிறகு படிகப் படலத்தை ஊடுருவித்தான் அது வெளியே வர வேண்டும், வேலை மந்தமாகிறது. ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசல்கள் பெரும்பாலும் மூடாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1836இலேயே பிரெஞ்சு அறிவியல் கழகம் கவனித்த சங்கதி இது. இன்று நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ், சுண்ணாம்புக்கல் உண்டாக்கும் பாக்டீரியாவையே கான்கிரீட்டில் கலந்திருக்கிறார். நாம் வாங்கும் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்டிலோ அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. அது சுண்ணாம்பைத் தின்னும்; மெதுவாக வினைபுரிவதால் பின்னாளில் விரிசலை நிரப்பவும் உதவும். நம் உப்புக்காற்றில் இந்த இழப்பு, இந்த உதவி இரண்டில் எது மிஞ்சும் என்பதை இங்கேயே, பல ஆண்டுகள் வைத்துப் பார்க்க வேண்டும். உடனடி முடிவு கேட்கும் நிதியுதவி அதற்கு உதவாது என்பது என் கருத்து.

வாசகருக்கு ஒன்று: கசிவு நின்றதால் பழைய வலிமை திரும்பிவிட்டது என்று கொள்ள வேண்டாம். விரிசல் ஓரம் வெள்ளைக் கோடாக இருந்தால் அது சுண்ணாம்பு. பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அப்போது பொறியாளரைக் கூப்பிடுங்கள்.